கண்ணாடிக்கு ஓர் அட்டை



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு வேலை தவறாமல் நடைபெறும். புதுப் புத்தகங்களைப் பாயில் பரப்பிவைத்து, பழுப்புத் தாளில் அட்டை போட்டு, அதன்மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளையும் சுற்றி, பெயர்ச்சீட்டு ஒட்டிப் பிள்ளைகளிடம் கொடுப்போம். ஆண்டு முழுவதும் படியும் அழுக்கும் கிழிசலும் அட்டையோடு போய்விடும். உள்ளிருக்கும் புத்தகம் அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளைக்குப் பயன்படும்.

2020ஆம் ஆண்டு ஜூனில் எங்கள் வீட்டில் அந்த வேலை நடைபெறவில்லை. கொரோனாவினால் பள்ளிகள் மார்ச் மாதமே மூடப்பட்டிருந்தன. வாங்கி வைத்த பிளாஸ்டிக் தாள் சுருள் அலமாரியில் அப்படியே கிடந்தது. அதே தாள் பிறகு ஒரு கைப்பேசிக்கு அட்டையாயிற்று. அதை எவ்வாறு செய்தேன் என்பதையும், செய்ததில் நேர்ந்த பிழையையும் உங்களிடம் சொல்வதற்காகவே இதனை எழுதுகிறேன்.

அமானிதமாய் வந்தது

நாங்கள் வசிப்பது போடிநாயக்கனூர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் ஊர். ஏலக்காய் விற்பனையாவது இங்கே. விளைவதோ மேற்கே மலைமேல், கேரள எல்லைக்குள், பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று விரிந்து கிடக்கும் ஏலமலைச் சரிவுகளில். விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் இறங்கி வருவது இவ்வூர்த் தொழிலாளர்களின் தலைமுறை வழக்கம். பொதுமுடக்கத்தில் மாநில எல்லை மூடப்பட்டபோது அந்தப் போக்குவரத்து நின்றது. பின்னர் அனுமதி பெற்றுச் சென்றவர்களுள் மேலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. என் கணவர் அவர்களில் ஒருவர். சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில், பறித்த பச்சைக்காயை உலர்த்தும் வேலை அவருக்கு.

வீட்டில் நானும், பன்னிரண்டாம் வகுப்புக்குச் சென்ற மகளும், காது சற்று மந்தமான மாமியும் இருந்தோம். மகளின் பாடங்கள் கைப்பேசி வழியாக வரத் தொடங்கின. எங்களிடமோ பழுதான பட்டன் போன் ஒன்றுதான் இருந்தது. செய்தி அறிந்த என் அக்கா, தம் மகனின் கல்லூரிப் படிப்புக்கென வாங்கி வைத்திருந்த புதுக் கைப்பேசியைக் கம்பத்திலிருந்து கொடுத்தனுப்பினார்.

“புள்ள படிச்சு முடிக்கிற வரைக்கும் வச்சுக்க. சூதானமா வச்சுக்க, அவ்வளவுதான்” என்றார்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் அமானிதம் என்றும், கொடுத்தவர் கேட்கும் நாளில் கொடுத்தபடியே திருப்பித் தரவேண்டும் என்றும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பளபளக்கும் கண்ணாடியைக் கையில் வாங்கிய நேரத்திலிருந்து எனக்கு அச்சம் தொற்றிக்கொண்டது. திரைக்கு ஒட்டும் கண்ணாடி உறையைக் கடையில் வாங்கலாம் என்றால், கடை திறந்திருந்த நாளில் கையில் காசில்லை. காசு வந்த நாளில் கடை அடைத்திருந்தது. எனவே வீட்டிலேயே செய்வது என்று முடிவு செய்தேன்.

கீறுவது எது?

சாவியும் நாணயமும் கண்ணாடியைக் கீறும் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவற்றைவிடப் பெரிய பகை, கண்ணுக்குத் தெரியாத மணல்தூள். பொருள்களின் கடினத்தை அளக்க ஜெர்மானிய அறிஞர் பிரடெரிக் மோஸ் 1812ஆம் ஆண்டு ஒரு வரிசையை வகுத்தார். மிக மென்மையான மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. அந்த வரிசையில் நம் விரல்நகம் ஏறத்தாழ இரண்டரை, சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை, மணலில் மிகுந்திருக்கும் படிகக்கல் 7. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பதே விதி. கைப்பேசிக் கண்ணாடியை உருகிய பொட்டாசிய உப்பில் அமிழ்த்தி வலுவூட்டுகிறார்கள். கண்ணாடியிலுள்ள சோடிய அணுக்களின் இடத்தில் அவற்றினும் பெரிய பொட்டாசிய அணுக்கள் நெருக்கியடித்து அமர்வதால் அது எளிதில் உடைவதில்லை. ஆயினும் மணலின் கீறலுக்கு அதுவும் முற்றிலும் தப்புவதில்லை. ஜீப்பில் பறக்கும் புழுதி, சட்டைப்பையின் அடியில் தங்கும் மண், முந்தானையால் அழுத்தித் துடைக்கும் பழக்கம் ஆகியவையே திரையைக் கெடுக்கின்றன.

திரைக்குக் கையால் காப்புறை செய்வது புதிய வழக்கமும் அன்று. 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாம் பைலட் என்னும் கையடக்கக் கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. எழுத்தாணி போன்ற குச்சியால் அதன் திரையில் எழுதவேண்டும். அவ்வகைத் திரையின் மேற்பரப்பு மென்மையான பிளாஸ்டிக் ஆகையால் குச்சி பட்டுப் பட்டுக் கோடு விழும். வகுப்பறையில் ஓவர்ஹெட் புரொஜெக்டரின்மீது வைக்கும் ஒளிபுகும் தாளை அளவாக வெட்டி அதன்மேல் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பெங்களூரில் உருவாகி 2004ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த நம் நாட்டுச் சிம்ப்யூட்டரும் குச்சியால் தொட்டு இயக்கும் கருவியே.

அந்தத் திரைகள் அழுத்தத்தை உணர்ந்தன. இன்றைய கைப்பேசித் திரை வேறு விதமானது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும். விரல் நெருங்கும்போது கண்ணாடிக்கு அடியிலுள்ள நுண்ணிய மின்புலம் சற்றே மாறுகிறது; அந்த மாற்றத்தைக் கருவி அறிகிறது. இடையில் மெல்லிய பிளாஸ்டிக் இருந்தால் தடையில்லை. தடித்திருந்தால் விரலை அது உணராது. இதை நான் நூலில் படித்து அறியவில்லை. வீணாகிய முதல் முயற்சியால் அறிந்தேன்.

மூன்று முயற்சிகள்

முதலில், பழைய அடையாள அட்டை ஒன்றின் லேமினேஷன் உறையைப் பிரித்து வெட்டினேன். தடித்த அந்தத் தாள் திரையோடு படியவில்லை. மகள் இருமுறை மும்முறை தொட்டால்தான் ஓர் எழுத்து விழுந்தது. ஆசிரியர் கேட்ட வினாவுக்கு அவள் விடை எழுதி முடிப்பதற்குள் அடுத்த வினா வந்துவிட்டது.

அடுத்து, பெட்டிகளுக்கு ஒட்டும் அகலமான ஒளிபுகும் டேப்பை ஒட்டினேன். உள்ளே காற்றுக் குமிழிகள் புகுந்தன, எழுத்துகள் மங்கின. உரித்தபோது பசை திரையிலேயே தங்கிவிட்டது. பஞ்சில் துளித் தேங்காய் எண்ணெய் தொட்டு அதைப் போக்குவதற்குள், அக்காவின் முகம் பலமுறை என் கண்முன் வந்து போயிற்று.

மூன்றாவதாக நினைவுக்கு வந்தது அலமாரியில் கிடந்த புத்தக அட்டைத் தாள். மெல்லியது, வளையக்கூடியது, பசையில்லாதது. திரையின் அளவை வெள்ளைத் தாளில் வரைந்து, நாற்புறமும் ஒரு நூலளவு கூடுதலாக விட்டு வெட்டினேன். முனைகளை வளைவாகக் கத்தரித்தேன். கூர்முனை இருந்தால் அதுவே முதலில் தூக்கிக்கொள்ளும். காது வைக்கும் இடத்தில் ஒலி வருவதற்கு ஒரு பிளவும் வெட்டினேன். வெந்நீரில் குளித்து முடித்ததும் குளியலறையில் நின்று இந்த வேலையைச் செய்தேன். நீராவியில் காற்றிலுள்ள தூசி அடங்கிவிடும். திரையை மென்துணியால் துடைத்து, எஞ்சிய தூசியை டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றியெடுத்து, தாளை வைத்து, துணி சுற்றிய பழைய அட்டையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவினேன். கூடுதலாக விட்ட ஓரங்கள் கைப்பேசியின் ரப்பர் உறைக்குள் செருகி நின்றன. எழுத்து தெளிவாகத் தெரிந்தது. தொட்டால் உடனே பணிந்தது. அது 2020 ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை மாலை. அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

திரை இருண்ட நாள்

அந்த இரவில்தான், மூணாறுக்கு அப்பால் ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில், மழையில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகளை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழர்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாததால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது.

எங்கள் தெருவுக்கு அது வந்து சேர்ந்தபோது, “மூணாறு பக்கம் மலை விழுந்துருச்சாம்” என்ற அளவில்தான் வந்தது. எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று எவருக்கும் தெரியவில்லை. நான் கணவருக்கு அழைத்தேன், இணைப்புக் கிடைக்கவில்லை. மாமி தஸ்பீஹைக் கையில் எடுத்தவர் வாசற்படியை விட்டு எழவில்லை.

நண்பகல் கடந்து அழைப்பு வந்தது. அவர்தான். “நாங்க நல்லா இருக்கோம். இங்கே மழைதான், வேறொண்ணும் இல்லை. அம்மாகிட்ட குடு” என்றார்.

மாமிக்குக் காதில் வைத்தால் கேட்காது. ஒலியைப் பெருக்கித்தான் கொடுக்கவேண்டும். அதற்காகக் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரை இருண்டு கிடந்தது. தொட்டேன், தட்டினேன், பொத்தானை அழுத்தினேன். ஒரு கணம் ஒளிர்ந்து மீண்டும் இருண்டது. அவருடைய குரல் மெல்லியதாக உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. மாமியின் செவியில் அது ஏறவில்லை. கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “வாப்பா, வாப்பா” என்று மகனை அழைத்துக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் இணைப்பு அறுந்தது.

“நல்லா இருக்காராம் மாமி” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். “நல்லா இருந்தா எங்கிட்ட ஏன் பேச மாட்டேங்குறான்? எதை மறைக்கிறே?” என்றார்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. என்னென்ன சொல்லியும் அவர் நம்பவில்லை. சோறு அப்படியே ஆறிப்போயிற்று.

மாலையில் கணவர் மீண்டும் அழைத்தார். நடந்ததைச் சொன்னேன். ஸ்டோரில் உடன் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் அருகிலிருந்து விளக்கினார். காது வைக்கும் பிளவின் பக்கத்தில் ஒரு சிறு கண் இருக்கிறதாம். பேசும்போது கன்னம் நெருங்குவதை அது அறிந்து, கன்னம் பட்டு எதுவும் அழுந்தாதிருக்கத் திரையை அணைத்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத ஒளியை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. நான் ஒட்டிய தாள் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பியதால், எப்போதும் கன்னம் நெருங்கியே இருப்பதாகக் கருவி எண்ணிக்கொண்டது. கைப்பேசிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அதன் கண்ணைக் கட்டியிருந்தேன்.

கத்தரிக்கோலை எடுத்து, தாளின் மேல்பகுதியை ஒரு விரற்கடை அகலத்துக்கு முழுவதுமாக வெட்டியெறிந்தேன். மறுபடி அழைத்தபோது திரை ஒளிர்ந்தது. ஒலியைப் பெருக்கி மாமியின் மடியில் வைத்தேன். “அம்மா, சாப்பிட்டீங்களா?” என்ற குரல் கூடமெங்கும் கேட்டது. மாமி பதில் பேசவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, “சோத்தைப் போடு தாயி” என்றார்.

நீங்களும் செய்வதானால்

கடைவீதியில் இன்று நல்ல கண்ணாடி உறைகள் எளிதாகக் கிடைக்கின்றன. வாங்க இயலுமானால் வாங்குங்கள். வீட்டில் செய்யும் தாள் கீறலைத் தாங்கும். கீழே விழுந்து உடைவதைத் தடுக்காது. செய்வதானால் மெல்லிய தாளையே எடுங்கள். மேலே உள்ள கண்ணையும் செவியையும் திறந்து விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தாளுக்கும் திரைக்கும் இடையில் புகுந்த மணல் வெளியில் உள்ளதைவிடக் கெடுதல் செய்யும். திரை ஏற்கெனவே விரிசல் கண்டிருந்தால், சில்லு விரலைக் கிழிக்காதபடி புதிய திரை போடும்வரை ஒளிபுகும் டேப் ஒட்டிவைப்பது நல்லது. பற்பசையால் தேய்த்தால் கீறல் போகும் என்பார்கள், செய்யாதீர்கள். விரல் எண்ணெய் படியாதிருக்கக் கண்ணாடியின்மேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சுத்தான் அதனால் தேய்ந்து போகும்.

மலைக்குச் செல்வோர்க்கு ஒன்று. ஏலக்காயை மாதிரி பார்ப்பதற்குக் கட்டும் சிறிய ஒளிபுகும் உறை போடியில் தாராளமாகக் கிடைக்கும். கைப்பேசியை அதில் இட்டு வாயை மடித்துவிட்டால் சாரலுக்கும் மண்ணுக்கும் அஞ்சவேண்டியதில்லை. உறையின் மேலிருந்தே தொட்டுப் பேசலாம். உறைமேல் நீர்த்துளி நின்றால் மட்டும் தொடுகை தடுமாறும், துடைத்துவிட்டுத் தொடுங்கள். என் கணவர் இன்றும் அவ்வாறே கொண்டு செல்கிறார்.

2021ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறாமலே ரத்தாயிற்று. ஜூலையில் மகளின் மதிப்பெண் வந்தது. அந்த வாரமே கைப்பேசியை எடுத்துக்கொண்டு கம்பம் சென்றேன். அக்காவின் முன்னிலையில் ரப்பர் உறையைக் கழற்றித் தாளை உரித்தேன். தாள் முழுவதும் கோடுகள், கண்ணாடியில் ஒன்றுமில்லை.

அக்கா திரையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, உரித்த தாளைக் கையில் எடுத்து, “இதே மாதிரி ஒண்ணு வெட்டி ஒட்டிக் குடுத்துட்டுப் போ” என்றார்.