40 வயதில் பைலட் கனவு... கோண்டியாவா, ஃபர்சத்கஞ்சா?

நாக்பூரில் ரயில் மாறி, ஹவுரா பாதையில் கிழக்கே சுமார் இரண்டு மணி நேரம் போனால் கோண்டியா. மகாராஷ்டிராவின் கிழக்கு ஓரம். ஒரு பக்கம் மத்தியப் பிரதேசம், இன்னொரு பக்கம் சத்தீஸ்கர். சுற்றிலும் நெல் வயல்கள், அரிசி ஆலைகள். தஞ்சாவூர்க்காரர் யாராவது வந்து இறங்கினால், சொந்த ஊருக்கு வந்ததுபோல்தான் இருக்கும். ஆனால், இங்கே பெட்டியோடு இறங்குகிறவர்களில் சிலர் வருவது விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள!

ஊருக்கு வெளியே பிர்சி என்ற இடத்தில் இருக்கிறது விமானத்தளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷார் அமைத்தது. இன்று 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ரன்வே. இந்திய விமான நிலைய ஆணையமும் கனடாவின் சி.ஏ.இ நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய பயிற்சிப் பள்ளி இங்கேதான் இருக்கிறது.

இதுபோன்ற பள்ளிகளில் சேருகிறவர்கள் பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். நடுநடுவே, நரை எட்டிப் பார்க்கும் கிராப்புத் தலையோடு முன்னாள் ராணுவத்தினரும் விசாரிக்க வருவதுண்டு. விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்து 20 ஆண்டு முடித்து வெளியே வரும்போது வயது 40-ஐ ஒட்டி இருக்கும். அதில் டெக்னீஷியனாக இருந்தவர், ஆயிரம் தடவை விமானத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார். ஒரு தடவைகூட ஓட்டியிருக்க மாட்டார்.

சீருடை ஒன்று... கணக்கு வேறு!

படையில் பைலட்டாகவே இருந்து ஓய்வுபெறும் அதிகாரிக்கு, பறந்த நேரம் கணக்கில் வரும். அதைக் காட்டி சிவில் லைசென்ஸுக்கு மாற வழி இருக்கிறது. தரையில் வேலை பார்த்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. 18 வயதுப் பிள்ளையோடு சேர்ந்து முதல் மணி நேரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம், விமானத்துக்குத் தானே பொறுப்பேற்று ஓட்டியது. 300 கடல் மைல் தூரத்துக்கு ஒரு பயணம். வழியில் இரண்டு வேறு விமானத்தளங்களில் இறங்கி ஏற வேண்டும். தனிப் பொறுப்பில் இரவிலும் 5 மணி நேரம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், அந்தப் பாடங்களைத் தனியாக எழுதித் தேற வேண்டும்.

செலவு? பொதுவாக அரைக் கோடி ரூபாயை ஒட்டியோ, தாண்டியோ போகும். கிராஜுவிட்டி, கமுட்டேஷன், சேமிப்பு எல்லாம் சேர்ந்தாலும் பல குடும்பங்களில் போதாது. மகளின் கல்லூரிச் செலவு, கட்ட நினைத்த வீடு எல்லாம் அந்தப் பணத்தில்தான் இருக்கின்றன. அதனால்தான் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது குடும்பமே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

பெயரிலேயே ஓய்வு!

உத்தரப் பிரதேசத்தில், லக்னோவிலிருந்து ரேபரேலி வழியாகப் போனால் அமேதி மாவட்டத்தில் ஃபர்சத்கஞ்ச். உருதுவில் 'ஃபர்சத்' என்றால் ஓய்வு நேரம். ஓய்வுபெற்றவர் தேடிப் போக இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? ஆனால், அங்கே ஓய்வெல்லாம் கிடைக்காது. மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி 1980-களிலிருந்து அங்கே இயங்குகிறது. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் கங்கைச் சமவெளி முழுக்கப் பனிமூட்டம். எதிரே இருப்பதே தெரியாத காலையில் பயிற்சி விமானம் எப்படிக் கிளம்பும்? அதனால்தான் பறக்கும் நேரத்தைக் கூட்ட, இந்த அகாடமிக்கு கோண்டியாவிலும் கர்நாடகாவின் கலபுரகியிலும் பயிற்சி நடத்த அனுமதி தரப்பட்டது. பள்ளியின் பெயரைவிட, அது இருக்கும் ஊரின் வானம் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கோண்டியாவிலும் மழைக்காலத்தில் விமானங்கள் காத்துக்கிடக்கும். கோடை மதியத்தில் வெப்பக் காற்று சின்ன விமானத்தைத் தூக்கிப் போடும்.

இதில் பணம் எங்கே வருகிறது? மாதம் 20 மணி நேரம் பறக்க முடிந்தால் 200 மணி நேரத்துக்கு 10 மாதம். மாதம் 10 மணி நேரமே கிடைத்தால் 20 மாதம். அந்தக் கூடுதல் 10 மாதமும் விடுதி வாடகை, சாப்பாடு, வீட்டில் வெறும் பென்ஷன். 18 வயதுப் பையனுக்கு 10 மாதம் பெரிய இழப்பில்லை. 40 வயதுக்காரருக்கு அது பெரிது.

பணம் கட்டும் முன்...

முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. லைசென்ஸுக்கு 'கிளாஸ் 1' தகுதி வேண்டும். படையில் 'ஃபிட்' என்று இருந்தது இதற்குச் செல்லாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது, கண் எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பார்கள். இது தெரியும் முன் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. வானிலை, நேவிகேஷன், விமான விதிகள் போன்ற எழுத்துத் தேர்வுகளையும் முடிந்தவரை முதலில் முடித்துவிடுவது நல்லது.

பிறகு பள்ளியில் கேட்க வேண்டியவை: எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்பதல்ல, இன்று எத்தனை பறக்கும் நிலையில் உள்ளன? ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள்? சென்ற மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார்? இரவில் இறங்க விளக்கு வசதி உண்டா? பாதியில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும்? பதில் எழுத்தில் வேண்டும். தவணையில் கட்ட அனுமதிக்கும் பள்ளி என்றால் நிம்மதி.

வயதையும் மறைக்காமல் பேசிவிட வேண்டும். விமான நிறுவனங்களின் கேடட் திட்டங்களில் வயது வரம்பு பெரும்பாலும் 30-ஐ ஒட்டியே இருக்கிறது. 42 வயதில் லைசென்ஸ் வாங்குகிறவர், 65 வரை ஓட்ட விதி அனுமதித்தாலும், முதல் வேலைக்குக் காத்திருக்க வேண்டிவரலாம். பயிற்சியாளராவது, சிறிய சார்ட்டர் நிறுவனங்களில் சேர்வது என மற்ற வழிகளையும் கணக்கில் வைத்தே இறங்க வேண்டும்.

தளவாடத்தைப் பிரித்துப் பார்க்காமல் நம்பாதே என்று 20 ஆண்டு பழகியவருக்கு, ஒரு பள்ளியைச் சோதிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பளபளப்பான விளம்பரத்தை ஓரம் வைத்துவிட்டு, விமானத்தளத்துக்கு வெளியே இரண்டு நாள் காலையிலிருந்து நின்றால் போதும். எத்தனை விமானம் மேலே போகிறது, எத்தனை கொட்டகையிலேயே நிற்கிறது என்று விரல் விட்டு எண்ணலாம். அந்த எண்ணிக்கையோடு வீட்டுக்குப் போய், மனைவி மக்களோடு உட்கார்ந்து முடிவெடுக்கலாம்.