துடைப்பக்கட்டைப் பரீட்சை

கலிபோர்னியாவின் கடற்கரை ஊர்களில் மான்டரேக்குத் தனி அழகு உண்டு. ஒரு காலத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகள் நிறைந்திருந்த ஊர் அது. அங்கிருந்து ஸாலினாஸை நோக்கி 68-ம் நம்பர் சாலையில் போனால் கடல் காற்றின் குளிர் மெல்ல மெல்லக் குறைகிறது. இரு புறமும் குன்றுகள். கோடையில் புல் காய்ந்து, அறுவடைக்கு நிற்கும் வயலைப் போல அவை பொன்னிறமாக இருக்கின்றன. நடு நடுவே குடை விரித்தாற்போல ஓக் மரங்கள். இந்த அமைதிக்கு நடுவில், நூறு தையல் மெஷின்கள் ஒரே சமயத்தில் ஓடுவது போல் ஒரு சத்தம் கேட்கிறதா? லகூனா செகா வந்துவிட்டது என்று அர்த்தம்.

லகூனா செகா என்றால் ஸ்பானிய மொழியில் வற்றிய குளம். அங்கே இருப்பது ஒரு மோட்டார் பந்தயச் சாலை. நீளம் 2.238 மைல், திருப்பங்கள் 11. எட்டாவது திருப்பத்துக்குக் ‘கார்க் ஸ்க்ரூ’ என்று பெயர். குன்றின் உச்சிக்கு ஏறி வரும் கார் இடது பக்கம் ஒடிந்து, உடனே வலது பக்கம் ஒடிந்து, 450 அடி தூரத்துக்குள் 59 அடி கீழே இறங்குகிறது. ஐந்து மாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடியிலிருந்து மாடிப்படி வழியாகக் காரை இறக்குவது போல என்று வைத்துக் கொள்ளுங்களேன்! ஏறி வருகிறவருக்கு இறக்கம் கண்ணில் படாது. எதிரே தெரியும் ஓக் மரத்தைக் குறி வைத்துத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள்.

இங்கே ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பெயர் பெற்ற வீரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ உழைத்துவிட்டு, சனி ஞாயிறுகளில் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் சாதாரண ஜனங்களும் உண்டு. அவர்களுக்கென்று 1944-ல் ஆரம்பித்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் போன்ற சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் சட்டப் புத்தகம் நம் வீட்டுப் பஞ்சாங்கத்தை விடத் தடிமன்!

ஒரு மரம் செய்த மாறுதல்

இந்த மைதானம் பிறந்த கதையே பாதுகாப்பைப் பற்றியதுதான். 1950 முதல் 1956 வரை இந்தப் பக்கத்துப் பந்தயங்கள் பெபிள் பீச்சில், டெல் மான்டே காட்டுச் சாலைகளில் நடந்தன. சாலையின் ஓரத்தில் நெருக்கமாக மரங்கள். பார்க்க எவ்வளவு ரம்மியமோ, அவ்வளவு ஆபத்து. 1956-ல் எர்னி மெக்கஃபீ என்பவரின் ஃபெராரி ஒரு மரத்தில் மோதியது. அவர் உயிர் இழந்தார். காட்டுப் பந்தயம் அத்தோடு நின்றது. ஊர்க்காரர்கள் ஒன்று கூடி, ஃபோர்ட் ஆர்ட் ராணுவ முகாமுக்குச் சொந்தமான நிலத்தில் இந்தச் சாலையைப் போட்டார்கள். 1957 நவம்பரில் முதல் பந்தயம் நடந்தது. 1974-ல் நிலம் மான்டரே ஜில்லாவின் பூங்கா இலாகாவுக்கு வந்தது.

குட்டிக் கார்

வண்டிகள் நிற்கும் இடத்தைச் சுற்றி வந்தால், அதிகமாகக் கண்ணில் படுவது மஸ்டா மியாட்டா என்ற இரண்டு பேர் கார். கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இப்படி ஒரு கார் செய்யுங்களேன் என்று ஜப்பானியக் கம்பெனிக்கு முதலில் யோசனை சொன்னவர் பாப் ஹால் என்ற பத்திரிகைக்காரர்! பத்திரிகைக்காரர் பேச்சையும் கேட்பார் உண்டு என்பதற்கு இது ஓர் அத்தாட்சி. 2016-ல் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

எடை ஏறக்குறைய ஒரு டன். விலை மலிவு, ரிப்பேர் சுலபம், சொன்ன பேச்சைக் கேட்கும். குறை ஒன்றுதான். கூரை வெறும் சீலை. கார் தலைகீழாகக் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரின் தலைக்கும் தரைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? முன்கண்ணாடியின் சட்டத்தை நம்பி இருக்க முடியாது, மடங்கிவிடலாம். ஆகையால் இந்தக் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர்கள் முதலில் கை வைப்பது எஞ்சினில் அல்ல. ஆசனத்துக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவை நிறுத்துகிறார்கள்.

குச்சி எடுத்த கணவர்

ஒரு பெண்மணி தமது சிவப்பு மியாட்டாவில் உட்கார்ந்திருந்தார். பள்ளி ஆசிரியை; நல்ல உயரம். தலைக்கவசம் போட்டு, பெல்ட்டை இறுக்கியிருந்தார். அவருடைய கணவர் ஒரு துடைப்பத்தின் நீண்ட கட்டையை எடுத்து வந்து, ஒரு முனையை இரும்பு வளைவின் மேலும் மறு முனையை முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலும் வைத்தார். நான் திகைத்துப் போனேன். கணவர் கையில் துடைப்பக்கட்டை என்றால் யாருக்குத்தான் விசித்திரமாக இராது?

இதற்குத் ‘துடைப்பக்கட்டைப் பரீட்சை’ என்றே பெயராம். குச்சிக்குக் கீழே தலைக்கவசம் அடங்கியிருக்க வேண்டும். தொட்டால் தோல்வி. கார் கவிழ்ந்தால் தரை எங்கே வந்து நிற்குமோ, அந்த இடத்தைத்தான் குச்சி காட்டுகிறது. முறையான பந்தயம் என்றால், வளைவின் உச்சி தலைக்கவசத்துக்கு மேல் இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும் என்று கிளப் சட்டம் சொல்கிறது.

அந்த அம்மாளுக்குக் குச்சி தட்டியது.

“என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“ஆசனத்துக்குள் இருக்கும் ஸ்பாஞ்சை வெட்டி எடுக்க வேண்டும். போன வருஷம் என் தம்பிக்கும் அப்படித்தான் செய்தோம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். “என்னைக் குட்டையாக்க முடியாதே!”

கடைகளில் பளபளவென்று முலாம் பூசிய வளைவுகளும் விற்கின்றன. அவை அழகுக்கு மட்டும். பரிசோதகர்கள் ஏற்பதில்லை. நிஜமான வளைவுக்குப் பின்பக்கம் முட்டுக் கொடுத்திருக்கும். வண்டியின் உடலோடு உறுதியாகப் பிணைத்திருக்கும். தலை படக்கூடிய இடத்தில் கெட்டியான மெத்தை சுற்றியிருக்கும். சக்கரத்தோடு சக்கரம் உரசி ஓடும் பந்தயத்துக்கு வளைவு மட்டும் போதாது. முழுக் கூண்டே கட்ட வேண்டும். கூண்டின் குழாயில் எங்காவது ஓர் ஓரத்தில் 3/16 அங்குலத்துக்கு ஒரு துவாரம் போட வேண்டும் என்று ஒரு விதி. எதற்கு? பார்வைக்கு எல்லாக் குழாயும் ஒன்றுதான். துவாரத்தின் வழியாக அளந்தால்தான் இரும்பின் கனம் தெரியும். புடவைக் கடையில் முந்தானையை மட்டும் பார்க்காமல் உள்மடிப்பைப் பிரித்துப் பார்க்கிறோமே, அந்தப் புத்திதான்.

பெல்ட்டும் கழுத்தும்

பெல்ட்டைப் பற்றிய விதிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பந்தய பெல்ட் இரண்டு தோளையும் இடுப்பையும் தொடை நடுவையும் ஆசனத்தோடு கட்டிவிடுகிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இரும்பு வளைவு இல்லாத காரில் இதைப் போட்டுக்கொண்டால், கார் கவிழும்போது உடம்பு சாயவும் முடியாமல் நிமிர்ந்தே நிற்கும். பாரம் முழுவதும் தலையில் இறங்கும். தோள்பட்டை, தோளை விட மிகவும் தாழ்வான இடத்தில் கட்டியிருந்தால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும். ஒன்றைச் செய்தால் மற்றதையும் செய்தே தீர வேண்டும். பாதி மாறுதல் முழு ஆபத்து.

இன்னொரு சங்கடமும் உண்டு. உடம்பு கட்டுண்டு நிற்க, தலை மட்டும் முன்னே பாயும். கழுத்து என்ன செய்யும்? 1981-ல் பாட்ரிக் ஜாக்மார் என்ற ஓட்டுநர் ஒரு சோதனை ஓட்டத்தில் தலைக்காயத்தால் இறந்தார். அவருடைய நண்பரும், மஸ்டா கார்களை ஓட்டியவருமான ஜிம் டௌனிங், தம் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்டிடம் இதைப் பற்றிப் பேசினார். ஹப்பர்ட், மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலையில் உடல் இயக்கவியல் பேராசிரியர். இருவர் முயற்சியில் பிறந்ததுதான் ‘ஹான்ஸ்’: தோளில் நுகத்தடி போல் அமர்ந்து, பட்டிகளால் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சாதனம்.

நல்லதை உலகம் உடனே ஏற்றுக்கொள்கிறதா? அசௌகரியம் என்று பலர் ஒதுக்கினார்கள். 1999 செப்டம்பர் 11-ம் தேதி, இதே லகூனா செகாவில், இதே கார்க் ஸ்க்ரூ திருப்பத்தில், உருகுவே தேசத்து இளைஞர் கொன்ஸாலோ ரோட்ரீகஸின் பந்தயக் கார் பயிற்சியின்போது சுவரில் மோதிக் கவிழ்ந்தது. மண்டை ஓட்டின் அடிப்பாகம் முறிந்து அவர் மாண்டார். 2001-ல் டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட் இறந்ததும் அதே காயத்தால்தான். அதன் பிறகே பெரிய பந்தயங்களில் இத்தகைய சாதனம் கட்டாயமாயிற்று. பிற்பாடு சனி ஞாயிறு ஓட்டுநர்களின் பந்தயங்களுக்கும் அந்தச் சட்டம் வந்தது.

வீட்டுக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று

“இவ்வளவு பாதுகாப்பு என்றால், கூண்டு கட்டிய காரிலேயே குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகலாமே?” என்று பரிசோதகரைக் கேட்டேன்.

“கூடவே கூடாது!” என்றார் அவர். தலைக்கவசம் இல்லாத தலைக்கு அந்தக் கூண்டே எமன். சிறு மோதலிலும் மண்டை போய் இரும்பில் இடிக்கும். கூண்டு, பந்தய ஆசனம், பெல்ட், கவசம் நான்கும் சேர்ந்தால்தான் காவல். ஆகவே, வாரநாளில் கடைக்கும் வாரக்கடைசியில் மைதானத்துக்கும் ஒரே காரை ஓட்ட விரும்புகிறவர்கள் வளைவோடு நிறுத்திக்கொண்டு, போட்டியில்லாத பயிற்சி ஓட்டங்களுக்கு மட்டும் போகிறார்கள். பந்தயம் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு பழைய வண்டி.

சரி, வேகத்துக்கு என்ன செய்கிறார்கள்? ‘ஸ்பெக் மியாட்டா’ என்ற பிரிவில் ஏறக்குறைய ஒன்றுமே செய்யக் கூடாது! எல்லோருக்கும் ஒரே மாதிரி ஸ்பிரிங், ஒரே மாதிரி டயர். ஓட்டுகிறவரையும் சேர்த்துத்தான் குறைந்தபட்ச எடை. ஒல்லியானவர் ஈயக்கட்டி சுமக்க வேண்டும். பணக்காரர் பணத்தால் ஜெயிக்க முடியாது. உயிர் காக்கும் சாமான்களுக்கு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம்.

ரோட்ரீகஸின் சகோதரி அவர் பெயரால் உருகுவேயில் ஒரு ஸ்தாபனம் அமைத்தார். அது முக்கியமாகச் செய்வது, காரில் குழந்தைகளைத் தனி ஆசனத்தில் பெல்ட் மாட்டி உட்கார வைக்கத் தாய் தந்தையருக்குச் சொல்லிக் கொடுப்பது. நம் குழந்தைகளுக்குக் கூண்டும் வேண்டாம், நுகத்தடியும் வேண்டாம். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளாமல், பின் சீட்டில் அவர்களுக்குரிய ஆசனத்தில் பெல்ட்டை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் போதும்.