ஆழத்துத் தசையும் அமர்ந்த உழைப்பும்

கொழுந்துக் கூடையின் சுமையால் வளைந்த முதுகைப் பற்றி நமது இலக்கியம் நிறையப் பேசியிருக்கிறது. உட்கார்ந்து உழைப்போரின் வலியைப் பற்றி அது அதிகம் பேசியதில்லை. ஆசிரியராகிய நாம் அவ்வலியை நன்கு அறிவோம். விடைத்தாள் திருத்தும் இரவுகளில் மரக்கதிரையில் மணிக்கணக்காக அமர்ந்துவிட்டு எழும்போது, பிட்டத்தின் ஆழத்தில் ஒரு நோ தோன்றித் தொடையின் பின்புறமாக இறங்குகின்றது.

இந்நோவுக்குக் காரணங்கள் பல. முதுகெலும்புகளுக்கிடையிலுள்ள தட்டு பிதுங்குவதாலும் அது வரலாம். எம்மைப் பரிசோதித்த வைத்தியர் சுட்டியது பிரிபோமிஸ் என்னும் சிறு தசையை. திரிக எலும்பின் முன்பக்கத்தில் தொடங்கித் தொடையெலும்பின் மேற்புறப் புடைப்பில் முடியும் இத்தசை, பேரிக்காய் வடிவினதாகக் கருதப்பட்டதால் இலத்தீனில் இப்பெயர் பெற்றது. காலுக்குச் செல்லும் சியாற்றிக் என்னும் பெருநரம்பு, பெரும்பாலோரில் இதன் கீழாகவும், சிலரில் இதனை ஊடறுத்தும் செல்கின்றது. தசை இறுகினால் நரம்பு நெருக்குண்ணலாம்.

இவ்வளவு ஆழத்திலுள்ள தசையை எட்டும் நிலை யாது? குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி, தொடையின் பின்தசைகளையே பெரிதும் இழுக்கின்றது. விடை தசையின் தொழிலில் இருக்கின்றது. கால் நேராக இருக்கையில் இத்தசை தொடையை வெளிப்புறமாகச் சுழற்றுகின்றது. இடுப்பு மூட்டு செங்கோணத்தைக் கடந்து மடங்கியதும், அதே தசை உட்புறமாகச் சுழற்றத் தலைப்படுகின்றது. எனவே முழங்காலை மார்பை நோக்கி உயர்த்தும்போது, தொடையை வெளிப்புறமாகத் திருப்பினால் தசை நீளும்.

பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, வலது கணுக்காலை இடது தொடையின்மேல் முழங்காலருகே வைத்து, இடது தொடையை இரு கைகளாலும் பின்னிருந்து பற்றி மார்புப் பக்கமாக இழுக்க வேண்டும். வலப் பிட்டத்தின் ஆழத்தில் இழுவை தெரியும். மூச்சடக்காது 30 விநாடி நிறுத்தி, இரண்டு மூன்று முறை செய்தபின் மறுபக்கம் மாற்றலாம். ஆசிரியர் ஓய்வறையிலாயின், கதிரையில் இருந்தபடியே கணுக்காலை மறு முழங்கால்மீது வைத்து, முதுகு வளையாது இடுப்பிலிருந்து முன்னே சாயலாம். சில வாரங்களில் எமது நோ தணிந்தது. காலில் மின்னலென நோ ஓடினால் பயிற்சியை நிறுத்த வேண்டும். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர்க் கட்டுப்பாடு தவறினாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இத்துடன் பிரச்சினை தீர்ந்துவிடுமா? 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் பற்றி நூலெழுதிய இத்தாலிய வைத்தியர் பெர்ணார்டினோ ராமசீனி, காலை மடக்கியிருந்து தைக்கும் தையற்காரருக்குத் தொடை மரப்பும் சியாற்றிக் நோவும் வருவதைக் குறித்தார். உட்கார்ந்து உழைப்போர் விடுமுறை நாளிலேனும் உடலை அசைக்க வேண்டுமென அறிவுரை கூறினார். நல்ல அறிவுரைதான். ஆனால் வேலை நாளில் அவர்கள் என்ன செய்வது? 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் இதே தசைதான். அவளுடைய 30 விநாடியோ உற்பத்தி இலக்கின் கணக்கில் அடங்கியது. பயிற்சியை மட்டும் அவளுக்குப் போதித்து ஓய்வு நேரத்தை மறுப்போமாயின், நோவுக்கான பொறுப்பையும் அவள்மீதே சுமத்தியவராவோம்.

தசையின் இயல்பை அறிவது விஞ்ஞானம். அதனை நீட்ட நேரம் கேட்பது உரிமை. இரண்டையும் சேர்த்தே நமது மாணவருக்குக் கற்பிப்போம்.