முனை ஆடினால் அம்பு ஆகாது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கும். வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவத்தை 1934-லேயே அறிவித்த மாநிலம் அது. முதியவர்களுக்கும் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் மட்டுமே இருந்த குறுக்கு வில் அனுமதி, 2014-ல் எல்லா வேட்டைக்காரர்களுக்கும் கிடைத்தது. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசியில் வில் கடைகளில் கூட்டம் நெரிகிறது. அப்படியொரு கடையின் பின்கட்டில், அம்பு கட்டும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

20 அங்குலக் கார்பன் தண்டு. அதன் வாயில் மரையுள்ள சிறு உலோகத் துண்டை ஒட்டி, முனையைத் திருகினார். இரண்டு சிறு உருளைகள் மேல் அம்பைக் கிடத்தி விரலால் சுழற்றினார். முனையின் நுனி மயிரிழை அளவு ஆடியது. முனையை மாற்றினார், அப்போதும் ஆடியது. "அப்படியானால் குறை தண்டில்தான்" என்றவர், அதை ஒதுக்கிவிட்டு வேறொரு தண்டின் வாயை உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்யத் தொடங்கினார். அந்தப் பொறுமைதான் இந்தத் தொழில்.

வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பது வேகத்தை. இன்றைய குறுக்கு வில் நொடிக்கு 400 அடியையும் தாண்டி அம்பை விடுகிறது. அந்த வேகத்தில், முனையில் மடங்காமல் நிற்கும் வெட்டுத் தகடுகளான நிலையான அலகுகள் காற்றைப் பிடிக்கும். முனை கோணினால் அம்பு விலகிப் போகும். விரியும் முனை அலகை மடக்கிக்கொண்டு பறந்து, பட்டதும் திறந்து அகலமாக வெட்டும். ஆனால் திறப்பதற்கே கொஞ்சம் விசை செலவாகிறது. நேராகப் பறக்கும்படி கட்டிய அம்பென்றால் நிலையான அலகே மேல் என்பேன். அதில் திறக்காமல் போக ஒன்றுமில்லை.

எடையிலும் ஆசை கூடாது. 100 கிரெயின் முனை ஏறத்தாழ ஆறரை கிராம். வில் தயாரித்தவர் சொன்ன குறைந்தபட்ச எடைக்குக் கீழே அம்பு இறங்கினால், மிஞ்சும் விசை வில்லின் கைகளையே உடைக்கலாம். அம்பின் வால் பிறைவடிவமா தட்டையா என்பதும் அந்தந்த வில்லுக்கு உரியபடி இருக்க வேண்டும். மாறினால் நாண் அம்பின் மேலேறி வழுக்கும்.

துப்பாக்கிக் குண்டு போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. இரத்தக் குழாய்களை அறுத்துக் கொல்கிறது. கூரான அலகு இரு நுரையீரலையும் கடந்தால் வெள்ளைவால் மான் சில நொடிகளில் விழும். மழுங்கிய அலகு பட்ட மான் காட்டுக்குள் ஓடி, யார் கண்ணிலும் படாமல் நெடுநேரம் துடித்துச் சாகும். அலகு கூராக இருக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தின் வேட்டை விதி சொல்வது இதனால்தான். பெரியவர் ரப்பர் பட்டையை இழுத்துப் பிடித்து அலகை மெல்ல வைத்தார், அழுத்தாமலே அறுந்தது. அறுக்காத அலகுகள் தனி டப்பாவுக்குப் போயின.

வேட்டைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காட்டுக்குக் கொண்டுபோகும் அதே வகை முனையைப் பூட்டிக் குறிப்பலகையில் எய்து பாருங்கள். பலகையில் பட்ட அலகை அப்படியே மானுக்கு எடுத்துப் போகாதீர்கள். புது அலகு மாட்டுங்கள்.