பச்சைக் கட்டம்

அம்மாவுக்கு இடது கண்ணில் நடுப்பார்வை இல்லை. எதிரே நிற்பவரின் தோள் தெரியும், தலைமுடி தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூசினாற்போல இருக்கும். யாராவது கேட்டால், ரத்தக்குழாய் அடைப்பு என்று சொல்வோம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 22 வருடமாக டெக்னீஷியன். சர்க்கரை, கிரியாட்டினின், கொழுப்பு என்று நாள் முழுக்க எண்களோடு இருப்பவள். எண் நார்மல் எல்லைக்குள் இருந்தால், "ஒண்ணும் இல்லை, போய்ட்டு வாங்க" என்று எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தோடுதான் அம்மாவின் கண்ணையும் பார்த்தேன்.

அம்மா 30 வருடம் எம்பிராய்டரி போட்டவள். இந்த ஊரின் கன்னியர் மடங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக் கைத்தையல். துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி இறக்குகிற வேலை. 2018 ஆவணியில் ஒருநாள் காலை எழுந்து துணியைக் கையில் எடுத்தவள், "இழை நேரா ஓடலம்மா, நடுவுல வளையுது" என்றாள். வலி இல்லை, சிவப்பு இல்லை. புரை விழுகிற வயசு, பார்க்கலாம் என்றேன். மூன்று வாரம் போக்கினேன். ஊரில் வழி இல்லாமல் இல்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, தனியார் டாக்டர்கள் இருக்கிறார்கள். எல்லாமே பஸ் போகும் தூரம்தான்.

கடைசியில் கூட்டிக்கொண்டு போன இடத்தில் முதலில் பிரஷர் பார்த்தார்கள். 180-க்கு 104. ஊரார் கையிலெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற நான், பெற்றவளின் பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் நினைவே வரவில்லை.

அம்மாவுக்கு வந்தது சிரை அடைப்பு. விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றின்மேல் ஒன்று தாண்டிப்போகிற இடங்கள் உண்டு. அங்கே இரண்டையும் ஒரே உறை சுற்றியிருக்கும். பல வருடப் பிரஷரில் தமனி தடித்து இறுகினால், அதே உறைக்குள் இருக்கும் மெல்லிய சிரை நசுங்கும். ரத்தம் தேங்கி உறையும். வடிய வழியில்லாமல் பின்னால் கசியும். பிராணவாயு கிடைக்காத விழித்திரை வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். அது குழாய்ச் சுவரை இன்னும் கசிய விடும். பார்வையின் நடுவிடமான மாகுலாவில் நீர் கோத்து வீங்கும். அந்தப் புரதத்தை அடக்கத்தான் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள்.

வீக்கத்தை அளக்க ஓ.சி.டி. ஸ்கேன். 1991-ல் அமெரிக்காவில் வெளியான முறை இது. வெறும் ஒளியைக் கொண்டு, விழித்திரையைக் குறுக்கே அறுத்துப் பார்த்ததுபோல அடுக்கு அடுக்காகக் காட்டிவிடும். தாளில் ஒரு வட்டம், அதற்குள் கட்டங்கள், நடுக்கட்டத்தில் மாகுலாவின் தடிமன். அம்மாவுக்கு முதல் நாள் 586 மைக்ரான், கட்டம் சிவப்பு. மூன்று ஊசிக்குப் பிறகு 262. கட்டம் பச்சை.

அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "நல்லா வடிஞ்சிருக்கு. ஆனா அடுத்த மாசமும் வரணும். விட்டா திரும்பக் கோத்துக்கும்" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டது நான் மட்டும். தலையாட்டினேன். போகவில்லை.

பணம் காரணம் இல்லை. அதையே காரணமாகச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுகூட ஒருமுறை நினைத்தேன். சோர்வுதான் காரணம். காலை 7 மணிக்கு டோக்கன், சொட்டு மருந்து, பாவை விரியும்வரை காத்திருப்பு, ஸ்கேன், மறுபடி காத்திருப்பு, மாலை 3 மணி. லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். பச்சையைப் பார்த்ததும் என் மனம் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது.

"நடுவுல இன்னும் தெளியலம்மா" என்பாள். "ரிப்போர்ட் நல்லா இருக்கும்மா" என்பேன். ஒருநாள் எரிச்சலில் தாளையே எடுத்துவந்து, பச்சைக் கட்டத்தின்மேல் விரலை வைத்து, "மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டேன். அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். அதன்பிறகு அந்தக் கண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. குணமாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் போயிற்று. வலது கண்ணில் தூசி விழுந்து அதைப் பொத்திக்கொண்ட அன்றுதான், எதிரே நின்ற என் முகம் தெரியவில்லை என்று சொன்னாள்.

ஸ்கேனில் 541. இளம் டாக்டர் ஒருவர் எண்ணைக் காட்டவில்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உள் அடுக்குகளுக்கு இடையே கோடு கோடாகத் தெரிய வேண்டிய எல்லைகள் கலைந்து ஒன்றாகியிருந்தன. பாஸ்டனில் ஜெனிஃபர் சன் குழுவினர் 2014-ல் சர்க்கரை நோயாளிகளின் கண்ணில் இந்தக் கலைவு பார்வை இழப்போடு சேர்ந்து வருவதைக் காட்டினார்கள். சிரை அடைப்பிலும் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். அம்மாவின் புதிய படத்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். கீழே, ஒளியை வாங்குகிற செல்களின் பளிச்சென்ற கோடு நடுவில் அறுந்திருந்தது. பழைய படத்தில், பச்சைக் கட்டம் வந்த அதே நாளின் படத்தில், அந்தக் கோட்டில் சின்னதாக ஒரு விடுபாடு அப்போதே இருந்தது. தாளின் அடியில் இரண்டு வரியில் எழுதியும் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். அந்த வரிகளை நான் படிக்கவில்லை.

"வீக்கம் வடிஞ்சாலும் தடிமன் குறையும், செல்லு செத்தாலும் குறையும்" என்றார் டாக்டர். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. மீண்டும் ஊசிகள் போட்டோம். நீர் வடிந்தது, முகங்கள் திரும்பவில்லை.

அதன்பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். பஞ்சாபில் பிறந்து, அமெரிக்காவின் ஐயோவாவில் இருந்துகொண்டு விழித்திரை ரத்தக்குழாய் அடைப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சோஹன் சிங் ஹேரே 1990-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஓ.சி.டி. வருவதற்கு முந்தைய வருடம். மையச் சிரை அடைப்பு எவ்வளவு கடுமையானது என்பதைத் தொடக்கத்திலேயே கணிக்க, படமெடுத்துப் பார்ப்பதைவிட, கண் எவ்வளவு பார்க்கிறது, பாவை வெளிச்சத்துக்கு எப்படிச் சுருங்குகிறது என்ற சோதனைகளே நம்பத்தக்கவை என்று அதில் காட்டியிருந்தார். அம்மா என்னிடம் சொல்ல முயன்றது தன் கண் எவ்வளவு பார்க்கிறது என்பதைத்தான். இழையை எண்ணியே வாழ்ந்தவளின் கண்ணைவிட நுட்பமான கருவி அந்த வீட்டில் வேறு இல்லை. அதன் வாயை நான் அடைத்தேன்.

இப்போது வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கட்டம் போட்ட தாளை அவள் முன்னால் பிடிக்கிறேன். வலது கண்ணுக்கு. எந்தக் கோடு வளைகிறது என்று கேட்டு, அவள் சொல்கிற வார்த்தையிலேயே நோட்டில் எழுதுகிறேன். பிரஷர் மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும், "என் பொண்ணு இல்லேன்னா ரெண்டு கண்ணும் போயிருக்கும்" என்கிறாள் அம்மா. அடுத்த மாதமும் வரச் சொன்னது அவளுக்குத் தெரியாது. நோய் திரும்பிவிட்டது என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அப்படிச் சொல்லும்போது நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

இது அச்சாகுமுன் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும். இரண்டு முறை தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இன்னும் படிக்கவில்லை.