கோரையாறு முடியும் இடம்

நீடாமங்கலத்திற்கு அருகில் மூணாறு தலைப்பு என்னும் இடத்தில், கல்லணையிலிருந்து வரும் வெண்ணாறு பிரிந்து, பாமணியாறும் கோரையாறும் தனித்தனியே புறப்படுகின்றன. ஆறு எங்கிருந்து வருகின்றது என்பதை நெல் விளையும் நம் பகுதியில் சிறுவரும் அறிவர். மேட்டூர் திறந்த செய்தி வீட்டுக்கு வீடு பேசப்படும். அது எங்கே போய் முடிகின்றது என்று பார்த்து வந்தவர்கள்தாம் குறைவு. சென்ற கோடை விடுமுறையில் என் மகனை அழைத்துக்கொண்டு முத்துப்பேட்டையில் இரண்டு நாட்கள் தங்கி அந்த இடத்தைக் கண்டு வந்தேன். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த அவனுக்கோ தூண்டில் போடுவது ஒன்றே நோக்கம்.

நாங்கள் புறப்பட்டபோது தலைப்பில் கோரையாறு வெறும் மணலாகக் கிடந்தது. மேட்டூரின் பாசன நீர் ஜனவரி இறுதியில் நிறுத்தப்படுவதும், ஜூன் 12-ல் திறக்கப்படுவதும் வழக்கம். ஆனால் முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்பவானோடையில் அதே ஆறு கரை தொட்டு நின்றது. "அத்தா, அங்கே இல்லாத தண்ணீர் இங்கே எப்படி வந்தது?" என்று வியந்தவன், ஒரு கை அள்ளி வாயில் வைத்து உடனே துப்பிவிட்டான். அங்கே நின்றது ஆற்று நீரன்று. உள்ளேறி வந்த கடல்.

அவ்வூரை ஹக்கீம் ஷெய்கு தாவூது வலியுல்லாஹ் அவர்களின் தர்காவால் நம்மவர் பலரும் அறிவர். அதற்குச் சற்றுத் தொலைவில் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் தார்ப்பாய் கட்டித் தங்கினோம். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் அத்தோப்பில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. நின்ற மரங்களுக்கிடையே நட்ட கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன.

மாலையில் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டோம். மகன் மண்புழுவை உயிரோடு முள்ளில் கோர்க்கப் போனான். உயிருள்ளதை வதைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால் மார்க்க அறிஞர்கள் அதனை வெறுத்துள்ளனர் என்று கூறி, கடையில் வாங்கிய செத்த இறாலைக் கொடுத்தேன். "மீனுக்கும் இதுதான் பிடிக்கும், ஹஜ்ரத்" என்றார் நண்பர். மக்ரிபுக்குள் இரண்டு கெளுத்திகள் கிடைத்தன. கெளுத்தியின் முள் குத்தினால் இரவெல்லாம் கடுக்கும் என்பதால், நண்பரே குறடால் முள்ளை ஒடித்துக் கொடுத்தார். மூன்றாவதாக இறாலைக் கவ்விக்கொண்டு ஒரு நண்டு ஏறி வந்தது. நாங்கள் ஹனஃபி, நண்பரோ கடலோர மக்கள் பலரையும் போல ஷாஃபிஈ. எங்களுக்கு ஆகாத நண்டை அவர் உண்பார். எனவே மீன் எங்கள் தட்டுக்கும் நண்டு அவர் வீட்டுச் சட்டிக்கும் போயின. இரு மத்ஹபினரும் ஒரே பாயில் அமர்ந்து உண்டோம்.

ஃபஜ்ருக்கு எழுந்தபோது குடத்தில் குடிநீர் கொஞ்சமே இருந்தது. உப்பு நீரில் ஒளூச் செய்யலாமா என்று மகன் கேட்டான். கடற்பயணம் செய்த ஒருவர் இதையே நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். கடலின் நீர் தூய்மை செய்யக்கூடியது, அதில் செத்ததும் ஆகுமானது என விடை பெற்றார். பாடமாகப் பலமுறை நடத்திய செய்தி, அன்று அந்தக் கரையில் அமர்ந்து கை கழுவும்போது புதிதாகத் தோன்றியது.

பிறகு வனத்துறையின் அனுமதியோடு படகில் சென்றோம். இருபுறமும் அலையாத்தி மரங்கள்; சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்கள். இம்மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகின்றது. மகன் இலையை நக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். ஆறு அகன்று காயலாக விரிந்த இடத்தில் அவன் கேட்டான்: "இவ்வளவு தூரம் வந்து கடலில் வீணாகக் கலக்கிறதே, இந்தத் தண்ணீரைத் தடுத்து வயலுக்கு விட்டால் என்ன?" நம் ஊர்த் திண்ணைகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சுத்தான் அது.

படகோட்டி விடை சொன்னார். இறால் கடலில் முட்டையிடும்; குஞ்சுகள் இக்காயலுக்குள் வந்து வளரும். மடவையும் கொடுவாவும் அப்படியே. நல்ல தண்ணீர் வந்து கலந்தால்தான் அவற்றுக்கு இது வீடு. கோடை முற்றி உப்பு ஏறிவிட்டால் வலை வெறுமையாக வரும். மரத்துக்கும் அதே கணக்குத்தான். முற்காலத்தில் இக்காட்டைக் கூறு கூறாக மொட்டையாய் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் தரை தாழ்ந்து, தேங்கிய நீர் வெயிலில் சுண்டி உப்பளம்போல் ஆனது, விதை முளைக்கவில்லை. பின்னர் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி நீரோட்டத்தை உள்ளே விட்ட பிறகே பசுமை திரும்பிற்று. புயல் நாளில் இம்மரங்கள் தாங்கும் காற்றும் அலையும் வயலுக்கு வரவேண்டியவை. நெல்லுக்குப் பங்கு இருப்பதுபோல் இவற்றுக்கும் ஆற்றில் ஒரு பங்கு உண்டு. அதைத் தராமல் மறித்துவிட்டு வீண் என்பது என்ன நியாயம் என்று எனக்குத் தோன்றிற்று. மகன் திரும்பும் வரை தூண்டிலை எடுக்கவேயில்லை.

செல்ல விரும்புவோர் முத்துப்பேட்டை வனத்துறை அலுவலகத்தில் முன்னதாகவே அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும். பறவைகளைக் காண மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. குழந்தைகளுடன் செல்வோர் குடிநீரைத் தாராளமாகவே எடுத்துச் செல்லட்டும்.