வரைபடத்துக்கு முன் எடைமேடை

ஆஸ்திரேலியாவின் உள்நிலத்தை, அவுட்பேக் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் அந்தச் செம்மண் வெளியை, காரவன் என்னும் நடமாடும் வீட்டை வண்டியில் இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றிவர விரும்புகிறவர்கள் முதலில் விரிப்பது வரைபடத்தைத்தான். மரீயிலிருந்து மார்லா வரை 620 கிலோமீட்டர் ஓடும் ஊட்னடட்டா மண்சாலை, டெர்பியிலிருந்து கிழக்கே 660 கிலோமீட்டர் நீளும் கிப் ரிவர் ரோடு, லேவர்டனிலிருந்து உலுருவை நோக்கிப் போகும் கிரேட் சென்ட்ரல் ரோடு என்று பெயர்களைப் படிக்கும்போதே கால் பரபரக்கும். ஆனாலும் இந்தப் பயணத்தின் திட்டம் எடையில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எந்தச் சாலை, எவ்வளவு டீசல், எங்கே நின்று எங்கே திரும்புவது என்ற கேள்விகளில் பெரும்பாலானவை, வண்டியும் காரவனும் ஏற்றிய சுமையோடு எத்தனை கிலோ என்ற ஒரே கணக்கில் தீர்ந்துவிடும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். அங்கே பெரிய காரவன்களை இழுக்கும் நான்கு சக்கர இயக்க வண்டிகள் பலவற்றின் இழுதிறன் 3,500 கிலோ. விளம்பரத்தில் கண்ணில் படும் எண் அதுதான். வண்டிக்குள் ஏற்றக்கூடிய சுமைக்குத் தனி வரம்பு உண்டு. அது 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காரவன் நிலையாக ஓட, அதன் எடையில் பத்தில் ஒரு பங்காவது வண்டியின் பின்புற இணைப்பில் அழுந்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 3,500 கிலோ காரவன் என்றால் 350 கிலோ. அந்த அழுத்தம் வண்டியின் சுமைக் கணக்கில்தான் சேரும். மீதமுள்ள 350 கிலோவில் நான்கு பேர் உட்கார்ந்தால் 280 போய்விடும். கையில் இருப்பது 70. முன்புறக் காப்புக் கம்பி, கூடுதல் பேட்டரி, குளிர்பெட்டி, இன்னொரு டயர் எல்லாம் இந்த எழுபதுக்குள் அடங்க வேண்டும், அடங்காது. காரவனுக்குள்ளும் இதே நெருக்கடிதான். 3,500 கிலோ வரம்பில் வெற்று எடையே 2,900 கிலோ என்றால், 200 லிட்டர் தண்ணீருக்கு 200 கிலோ போக, சமையல் எரிவாயு, உணவு, உடை, கருவிகள் அனைத்துக்கும் 400 கிலோதான் மிச்சம். வரம்பை மீறிய எடையோடு விபத்து நேர்ந்தால் காப்பீடு கை கொடுக்காமல் போகலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, பின்பக்கம் கனத்த காரவன் நெடுஞ்சாலை வேகத்தில் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும் என்பது.

ஆள் நடமாட்டமே இல்லாத வெளிக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்வதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தண்ணீரிலும் டயரிலும் ஒருபோதும் குறை வைக்கக் கூடாது. ஊட்னடட்டாவில் 1960 ஜனவரியில் 50.7 டிகிரி வெப்பம் பதிவாகியிருக்கிறது. அத்தியாவசியத்துக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே மற்றதைக் குறைக்கச் சொல்கிறேன். 1860 ஆகஸ்டில் ஆய்வுப் பயணிகளான பர்க்கும் வில்ஸும் மெல்போர்னிலிருந்து கண்டத்தைக் கடக்கப் புறப்பட்டபோது, ஓக் மேசை, நாற்காலி உட்படச் சுமார் 20 டன் சாமான்கள் கூடவே போயின. 750 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மெனின்டியை எட்டவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. வழியெங்கும் சுமையைக் கழிக்கவும் குழுவைப் பிரிக்கவும் நேர்ந்தது. வடக்குக் கடலோரம் வரை சென்ற நால்வரில் உயிரோடு மீண்டவர் ஜான் கிங் ஒருவரே, அவரையும் காப்பாற்றியது யாண்ட்ருவாண்டா பழங்குடி மக்கள். அந்தத் துயரத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் அதே ஆண்டு ஏப்ரலில் இரண்டே துணைவர்களோடும் 13 குதிரைகளோடும் கண்டத்தின் நடுப்பகுதியை அடைந்த ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டை அருகில் வைத்துப் பார்க்கும்போது, சுமை எப்படி ஒரு பயணத்தின் கையைக் கட்டிப்போடுகிறது என்பது தெளிவாகிறது. டீசலிலும் இதே பாடம் இருக்கிறது. கனமான காரவனை இழுக்கும்போது 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் செலவாவது வெகு சாதாரணம். ஊட்னடட்டா சாலையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு ஓரிடத்தில் டீசல் கிடைக்கும். ஆகவே அங்கே கூரையில் கேன்களை அடுக்கிக்கொண்டு போவது பயத்தைச் சுமப்பதே. வேறு சாலைகளில் இடைவெளி கூடும். இருப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து அளவாக ஏற்றினால் போதும்.

கரடுமுரடான பாதைக்கென்றே கட்டிய காரவன் ஆயிற்றே, எங்கும் போகுமே என்பது அடுத்த வாதம். உயர்ந்த அடித்தளம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், தூசி புகாத மூட்டுகள் எல்லாம் உண்மையிலேயே பயன் தருபவை. ஆனால் அந்த அடைமொழி, செய்தவர் தம் பொருளுக்கு வைத்துக்கொண்டது. எந்தச் சாலை வரை பொறுப்பேற்கிறார் என்பதை உத்தரவாதத் தாளில் படித்துத்தான் அறிய வேண்டும். வரிவரியாக அலைபோல் எழும்பிய மண்சாலையில் நாள் முழுதும் அதிரும்போது கனத்த காரவனின் திருகாணிகளும் அலமாரிகளும் சஸ்பென்ஷனும்தான் முதலில் பழுதாகும். டயர்களின் காற்றழுத்தத்தைக் குறைத்து, வேகத்தையும் குறைத்தால் சேதம் குறையும், இல்லாமல் போகாது. பர்னுலுலு தேசியப் பூங்காவின் 53 கிலோமீட்டர் மண்தடத்தில் காரவன்களுக்கு அனுமதியே இல்லை. ஒற்றை அச்சுள்ள, கரடுமுரடு தாங்கும் டிரெய்லர்கள் மட்டுமே உள்ளே போகலாம். மிட்செல் அருவிக்குப் போகிறவர்களில் பலர் காரவனை ட்ரைஸ்டேல் ரிவர் ஸ்டேஷனில் விட்டுவிட்டு வண்டியில் மட்டும் செல்கிறார்கள். என் பார்வையில் சரியான முறை இதுதான். ஓரிடத்தில் சில நாள் தங்கும் வீடாகக் காரவன் இருக்கட்டும், முரட்டுத் தடங்களுக்கு வண்டி மட்டும் போய்வரட்டும். அப்படியானால் சிறிய கூடாரம் ஒன்றும் இரண்டு நாள் உணவும் தண்ணீரும் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த எடைக்கும் இப்போதே இடம் ஒதுக்க வேண்டும்.

காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கே மழைக்காலம், சாலைகள் வெள்ளத்தில் அடைபடும். தெற்கு ஆஸ்திரேலியாவில் மூடிய சாலையில் வண்டி ஓட்டினால் அபராதம். சிறு மழைக்கே களிமண் சாலையை மூடுவார்கள் என்பதால் தங்கிக் காத்திருக்கச் சில நாட்களைத் திட்டத்தில் சேர்ப்பது அவசியம். பழங்குடி நிலங்கள் வழியாகச் செல்லும் கிரேட் சென்ட்ரல் ரோட்டுக்கு முன் அனுமதி பெற வேண்டும்.

தேதி குறிப்பதற்கு முன், தண்ணீர்த் தொட்டியையும் டீசல் தொட்டியையும் நிரப்பி, குடும்பத்தோடு ஏறி, வண்டியையும் காரவனையும் ஒரு பொது எடைமேடையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு அச்சின் எடையையும் இணைப்பின் மீதான அழுத்தத்தையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் சாமானைக் குறையுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் சிறிய காரவனாகப் பாருங்கள்.